ஆறு மாதத்துக்குள் ஒரு கையெழுத்து

1962 ஆகஸ்ட் 16, வியாழன்

இன்று முதல் காரைக்கால் சட்டப்படியும் இந்தியா. பிரெஞ்சுக் கொடியை இறக்கி எட்டு வருடம் ஆகப்போகிறது. ஆட்சி அப்போதே கைமாறிவிட்டது. ஆனால் காகிதத்தில் நாங்கள் இன்று காலை வரை பிரெஞ்சுக் குடிமக்கள். இனி, இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள் எல்லோரும் இந்தியர். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்புகிறவன் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இதை எழுதுகிறவன் தைரியநாதன், வயது ஐம்பது, ஊர் நிரவி, இப்போது குடியிருப்பது காரைக்கால் மாதா கோயில் தெரு. பிரெஞ்சுப் படையில் செர்ழான். பத்துப் பன்னிரண்டு பேரை நடத்திப் போகும் பதவி அது. பதினான்கு வருடம் வெளியே இருந்தேன். லிபியா, இத்தாலி, பிரான்சு, இந்தோசீனா. படையில் நாள்பதிவு எழுதிப் பழகிய கை. இந்த ஆறு மாதத்தையும் எழுதி வைக்கலாம் என்று புது நோட்டு வாங்கினேன்.

மனைவி சலேத்தம்மாள் மீன் குழம்பு வைத்தாள். உப்புக் குறைவு. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பூசை முடிந்து முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம். எங்களை ஊரில் இன்னும் பிரெஞ்சு வார்த்தையிலேயே ‘சொல்தா’க்கள் என்றுதான் சொல்கிறார்கள். பட்டியலில் அறுபத்தொரு சொல்தாக்கள். பாதிப் பேருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும், எழுதத் தெரியாது. மனுக்கட்டை என் கையில் கொடுத்தார்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விளக்கிச் சொல்லி, விரும்பியவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

அதற்குள் நூறு வதந்தி. கையெழுத்துப் போட்டவனைக் கப்பலேற்றி விடுவார்களாம். வீட்டைப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பார்களாம். காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இங்கேயே இருக்கலாம். ஆனால் வெளிநாட்டானாக இருக்க வேண்டும். போலீசில் பதிந்து, குடியிருக்க அனுமதி வாங்க வேண்டும். அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று கூட்டத்தில் சொன்னேன்.

என் மனுவைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். முதலில் ஆட்கள்.

ஆகஸ்ட் 28

நிரவி. வைத்திலிங்கத்தின் வீடு. என் பிரிவில் இருந்தவன், இந்தோசீனாவில், டோங்கின் பக்கம், கண்ணிவெடியில் வலது கையை இழந்தவன். இடது கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தான். நான் முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

“வேணாம் செர்ழான்.”

“யோசிச்சுச் சொல்லு. ஆறு மாசம் இருக்கு.”

“யோசிச்சுட்டேன். ஒரு கைய அங்க குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறத இங்க வச்சுக்கிறேன்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ‘இந்தியா’ என்று எழுதினேன். அப்படி எழுதும்போது கை கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. அவன் எழுந்து நின்ற விதம் அப்படி.

வாசலில் கேட்டான்: “நீங்க எழுதிட்டீங்களா?”

நேரம் கிடைக்கவில்லை என்றேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

காலையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சலேத்தம்மாள் அடுப்படியில் ஒரு கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தமில்லை. ஏன் அவ்வளவு சத்தமாக வாசிக்கிறாள் என்று தெரியவில்லை.

கடிதம் பிலவேந்திரனுடையது. எங்களுக்கு ஒரே மகன். இந்திய ராணுவத்தில் பொறியாளர் படையில் நாயக். தலைப்பிரசவம் என்று அவள் தரங்கம்பாடியில் தாய்வீட்டுக்குப் போன இடத்தில் பிறந்தவன். அது அன்றைக்கு இங்கிலீஷ்காரன் ஆண்ட இந்தியா. ஆறு வருடம் முன்பு, பதினெட்டு வயதில், அந்தப் பிறப்புச் சான்றைக் காட்டிச் சேர்ந்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. நான் போர்க்களங்களிலிருந்து திரும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. “போறவன் போய்க்கிட்டே இரு” என்றேன். போய்விட்டான். அதன் பிறகு நான் எழுதியதில்லை. விடுப்பில் வந்தாலும் தரங்கம்பாடியில் மாமன் வீட்டோடு தங்கிவிட்டுப் போவான்.

நான் கவனித்துக் கேட்கவில்லை. காதில் விழுந்தது: வடகிழக்கு எல்லையில் மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். பதினோராயிரம் அடி உயரம். காலையில் தண்ணீர் கல்லாக இருக்கிறது. கீழே எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறான். ஒருவனுக்குக் காய்ச்சல், அவனுக்குத் தன் கம்பளியைக் கொடுத்திருக்கிறான். சளி பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

பூட்ஸ் நன்றாகப் பளபளத்தது.

செப்டம்பர் 17

கோட்டுச்சேரி. நான்கு மனுக்கள். ஐந்தாவது வீட்டில் சொல்தா இல்லை, அவனுடைய விதவை மட்டும். செண்பகவல்லி. புருஷன் முருகையன் இத்தாலியில் என் கண்முன்னால் விழுந்தவன். அவளுக்கு மனு எதுவும் தேவையில்லை என்று நினைத்து, நலம் மட்டும் விசாரித்துவிட்டு எழுந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஐயா, செத்துப்போனவரு இப்ப எந்த நாட்டுக்காரரு?”

மறுபடி உட்கார்ந்தேன்.

“பிரெஞ்சு சொல்தாவாத்தாம்மா செத்தாரு. அத இனிமே யாராலயும் மாத்த முடியாது.”

“அப்ப அவருக்காக யாராச்சும் கையெழுத்துப் போடணுங்களா?”

“வேணாம்மா. அவரு எப்பவோ போட்டுட்டாரு.”

தலையாட்டினாள். மோர் கொடுத்தாள். வழியெல்லாம் எதிர்காற்று. என் கீழ் இருந்து செத்தவர்கள் பதினொரு பேர். சைக்கிள் மிதித்தபடியே பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை.

அக்டோபர் 4

சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர். இருபத்தேழு மனு முடிந்தது.

அக்டோபர் 22, திங்கள்

சனிக்கிழமை விடியற்காலையில் சீனர்கள் எல்லை தாண்டி இறங்கிவிட்டார்கள். பேப்பரில் வரைபடம் போட்டிருக்கிறார்கள். மோசமான வரைபடம். மலை எங்கே, ஆறு எங்கே, எதுவும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கேட்டுப் பெரிய அட்லஸ் வாங்கி வந்தேன். சங்க வேலைக்காக.

அக்டோபர் 23

அட்லஸில் அந்தச் சாலை இல்லை. அவர்கள் இப்போதுதானே போடுகிறார்கள்.

நவம்பர் 6

மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் அமிர்தலிங்கம். விடுதலைப் போராட்டத்தில் பிரெஞ்சுச் சிறைக்குப் போய்வந்தவர். எங்களைப் போன்றவர்களை அவருக்குப் பிடிக்காது. அதற்கு அவரிடம் நியாயம் உண்டு. என் சைக்கிளில் மனுக்கட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அங்க நம்ம புள்ளைங்க பனியில செத்துக்கிட்டு இருக்கானுங்க. இங்க இவரு பிரான்சுக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரியிறாரு. உங்களுக்கெல்லாம் இந்த ஊரு தண்ணி எப்படி இறங்குது?”

கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் மகன் அங்கே இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமிர்தலிங்கம் வாய் மூடியிருப்பார். சொல்லவில்லை. ஆறு வருடம் அவனுக்கு ஒரு வரி எழுதாதவன், இன்றைக்கு அவனை எடுத்துக் கேடயமாகப் பிடிப்பதா?

“டீ நல்லா இருக்கு” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 12

படைவீரர்களுக்குக் கம்பளித் துணி சேகரிக்கிறார்கள். தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு வந்தது அமிர்தலிங்கமும் இன்னும் மூன்று பேரும். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள். நான் நிறுத்தினேன். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து என் ராணுவக் கோட்டை எடுத்து வந்தேன். பிரான்சின் கிழக்கு மலைகளில், முழங்கால் பனியில், ஒரு குளிர்காலம் முழுக்க என்னைக் காப்பாற்றிய கோட்டு. காரைக்காலில் இதைவிட நல்ல கம்பளி கிடையாது.

அமிர்தலிங்கம் கையில் வாங்கி எடை பார்த்தார். பித்தான்களைப் பார்த்தார்.

“இது பிரெஞ்சுப் பட்டாளத்துதா?”

“ஆமாம். பித்தான கழட்டிக் குடுக்கணுமா?”

கம்பளியைத் தடவிப் பார்த்தார். “வேணாங்க. குளிருக்கு அது தெரியவா போவுது” என்றார். முதல் தடவையாக ‘ங்க’ வந்தது.

சலேத்தம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். இன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

நவம்பர் 20, செவ்வாய்

டீக்கடைக்கு வானொலியில் பிரெஞ்சுச் செய்தி கேட்கப் போனேன். அந்த வானொலியில் பிரெஞ்சு வராது. ஆகவே தமிழ்ச் செய்தி கேட்டேன். பொம்டிலா விழுந்துவிட்டது. அட்லஸில் அந்த ஊர் பெயர் இருக்கிறது. அவன் சாலை அதற்கும் மேலே.

நவம்பர் 22

சண்டை நின்றது. வடக்கேயிருந்து கடிதம் வந்து ஐந்து வாரம்.

சலேத்தம்மாள் பேனாவையும் தாளையும் என் முன்னால் வைத்தாள். “நீங்க பட்டாளத்துக்காரரு. எப்படி எழுதுனா பதில் வரும்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றாள். அவள் கேட்டதால் எழுதினேன். பெங்களூரில் அவன் படைத் தலைமையகத்துக்கு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஐந்து வரி. ‘என் மகன்’ என்ற இடத்தில் மை கொட்டிவிட்டது. வேறு தாள் எடுத்து எழுதினேன்.

டிசம்பர் 1

தபால் இல்லை. மழை.

டிசம்பர் 3

தபால் இல்லை. சங்கத் தபாலை வாங்கத்தான் தினமும் போகிறேன் என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 8

மாதா திருநாள். மனுக்கள் எல்லாம் முடிந்தன. பிரான்சு நாற்பத்திரண்டு. இந்தியா பதினெட்டு. ஒன்று பாக்கி.

டிசம்பர் 14, வெள்ளி

உயிரோடு இருக்கிறான்.

கடிதம் கௌஹாத்தி ராணுவ மருத்துவமனையிலிருந்து. வேறு யாரோ எழுதி, கீழே அவன் கையெழுத்து. இந்தத் தடவை நான்தான் வாசித்தேன். சலேத்தம்மாள் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே இருந்த படை சிதறியதும், தன் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு, பூட்டான் காடுகள் வழியாக, பதினெட்டு நாள் நடந்து இறங்கியிருக்கிறான். சாலையில் போனால் எதிரி இருப்பான் என்று ஆற்றோடு இறங்கியிருக்கிறான். வேர், இலை, ஒரு குதிரை இறைச்சி. இடது காலில் மூன்று விரல்கள் பனியில் கருகிவிட்டன; எடுத்துவிட்டார்கள். கடைசி வரி இது: ‘எட்டுப் பேரோடும் வந்து சேர்ந்தேன். ஒருத்தரையும் விடவில்லை என்று அப்பாவிடம் சொல்லவும்.’

ஒருத்தரையும் விடவில்லை. நான் பதினொரு பேரை விட்டுவிட்டு வந்தவன். என்னைவிட நல்ல செர்ழான் அவன். இதை எழுதி வைக்கிறேன், அழிக்க மாட்டேன்.

பிறகு கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. வெயில்.

1963 ஜனவரி 20, ஞாயிறு

உடம்பு தேற மூன்று மாத விடுப்பு. மதியம் பஸ்ஸில் வந்தான். அவனுடைய மாமன் தந்தியில் ‘தரங்கம்பாடியில் இறங்கவில்லை, நேரே காரைக்கால்’ என்று சொல்லியிருந்தார். நான் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போனேன். பஸ் நிலையத்தில் அமிர்தலிங்கம் மாலையோடு நின்றார். எல்லையிலிருந்து வரும் வீரன் யாரானாலும் வரவேற்கிறார்களாம். யார் என்று பெயர் மட்டும் தெரிந்திருக்கிறது, வீடு தெரியவில்லை.

பிலவேந்திரன் கம்பியைப் பிடித்து இறங்கினான். மெலிந்திருந்தான். மாலையோடு வந்தவர்களைக் கடந்து, கம்பை ஊன்றி என் முன்னால் வந்து நின்று, கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சல்யூட் வைத்தான். நானும் வைத்தேன். ஆறு வருடத்துக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அமிர்தலிங்கம் என்னையே பார்த்தார். “உங்க மகனா? ஐயோ, அன்னைக்கு டீக்கடையில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க கேட்டது எங்கிட்ட. அவன்கிட்ட இல்ல.”

அவர் மாலையை மகனுக்குப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

ஜனவரி 24

மகன் கேட்டான். அடுப்படி வாசலில் உட்கார்ந்து காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம்.

“அம்மா சொன்னாங்க. ஊருக்கெல்லாம் எழுதிட்டு உங்களுக்கு எழுதலயாமே.”

“எழுதப் போறதில்ல. நீ இந்தியா. நானும் இந்தியாவாவே இருந்துட்டுப் போறேன். மூணு வாரம் பேசாம இருந்தா தானா ஆயிடுது.”

கட்டின் நுனியை முடிந்துவிட்டு நிமிர்ந்தான்.

“எனக்காகவா?”

“வேற யாருக்கு?”

“அப்படின்னா வேணாம்பா.” அமைதியாகத்தான் சொன்னான். “அந்தக் காட்டுல பத்தாவது நாளு, ரெண்டு பேரு இனிமே நடக்க மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. எனக்கும் உக்காந்துடலாம்னுதான் இருந்துச்சு. எங்கப்பா குடுத்த ஒரு பேச்சுக்காகப் பதினாலு வருஷம் பாலைவனத்துலயும் பனியிலயும் நின்னவருடான்னு சொல்லித்தான் அவங்கள எழுப்புனேன். அந்தப் பேச்ச நீங்க எனக்காக விட்டீங்கன்னா, நான் அவனுங்ககிட்ட சொன்னது பொய்யாயிடும்.”

“நான் வெளிநாட்டானாயிடுவேன்டா. உன் வீட்டுல.”

“நீங்க எனக்கு வெளிநாட்டுக்காரரா இருந்ததுதான் ஆறு வருஷம். அது முடிஞ்சுபோச்சு. காகிதத்துல எது இருந்தா என்ன?”

உள்ளேயிருந்து சலேத்தம்மாள்: “அப்பனும் மகனும் கொடிய அப்புறம் பிரிச்சுக்குங்க. சோறு ஆறுது.”

பிற்பகலில் தனியே ஆற்றங்கரை வரை நடந்தேன். வைத்திலிங்கம் ‘இந்தியா’ என்றபோது நிமிர்ந்து நின்றான். பொய்யாக எதையும் அவன் சொல்லவில்லை. என்னுடைய உண்மை எது என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பதினொரு பேரிடம் யாரும் மனு நீட்டப் போவதில்லை. அவர்களை நடத்திப் போனவன் நான். அவர்கள் எந்தக் கொடியின் கீழ் கிடக்கிறார்களோ அதை விட்டு நான் நகர முடியாது. இதில் இந்தியா மேல் கோபமும் இல்லை, பிரான்சிடம் எதிர்பார்ப்பும் இல்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

புதுச்சேரி. பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் வரிசை தெருவரைக்கும். எல்லாம் சொல்தாக்கள், பாதிப் பேர் பதக்கத்தோடு. உள்ளே ஒரு இளம் அதிகாரி, பிரெஞ்சுக்காரர். என் மனுவைப் பார்த்துவிட்டு, “உங்கள் கையெழுத்தில் ஏற்கெனவே நாற்பத்திரண்டு மனுக்கள் பார்த்தேன். உங்களை ஏன் காணோம் என்று நினைத்தேன்” என்றார்.

“ஆட்கள் முதலில் ஏற வேண்டும், செர்ழான் கடைசியில், அய்யா.”

எழுந்து நின்றார். நான் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 27, புதன்

வெளிநாட்டார் பதிவு. பிலவேந்திரனும் கூட வந்தான், சீருடையில். “வேணாம், கால் வலிக்கும்” என்றேன். கேட்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயது, வெளியூர்க்காரர், மரியாதையான ஆள். படிவத்தை வரிசையாகப் படித்துக் கேட்டுக்கொண்டே நிரப்பினார்.

“தேசம்?”

“பிரான்சு.”

“இந்தியாவுக்குள்ள வந்த தேதி?”

“1912 மார்ச் 7.”

எழுதப்போனவர் நிறுத்தினார். “அது உங்க பொறந்த தேதிங்களே.”

“அன்னைக்குத்தான் வந்தேன்.”

“எந்தத் துறைமுகம் வழியா?”

“துறைமுகம் இல்லீங்க. நிரவி, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு.”

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். அந்தக் கட்டத்தில் ‘பிறப்பு’ என்று எழுதினார். ‘தங்கும் நோக்கம்’ என்ற இடத்தில் ‘வாழ்வது’ என்று நான் சொன்னபடியே எழுதினார்.

“கடைசியா ஒண்ணு. உங்க நடத்தைக்குப் பொறுப்பு ஏத்துக்க இந்தியக் குடிமகன் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

பிலவேந்திரன் முன்னால் வந்தான். சப்-இன்ஸ்பெக்டர் அவன் சீருடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே குனிந்து எழுதினான். பெயர், படை எண், பதவி. ‘வெளிநாட்டாருக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். அதில் ‘மகன்’ என்று எழுதினான். கட்டத்துக்குள் அடங்கவில்லை, அவ்வளவு பெரிதாக எழுதினான்.

“இவரு நடத்தைக்கு நீங்க உத்தரவாதமா?”

“உத்தரவாதம் சார்.”

வண்டி பிடிக்கலாம் என்றேன், நடக்கலாம் என்றான். கடைத்தெரு வழியாக நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. காய்கறிக் கடைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவனுக்காக நின்றார்களா, எனக்காக நின்றார்களா என்று தெரியவில்லை. இருவரும் பதில் வணக்கம் வைத்தோம். மாதா கோயில் தெரு திரும்பும்போதுதான் கவனித்தேன். இடது, வலது என்று பதினான்கு வருடம் ஒரே அளவில் அடித்துப் பழக்கிய என் நடை, அவன் நொண்டும் நடைக்கு மாறியிருந்தது. எங்கே மாறியது என்று தெரியவில்லை. வாசலில் நின்ற சலேத்தம்மாளுக்கு இரண்டு பேர் வரும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டதாம்.